வேகக் காருக்கு எஞ்சின் கட்டும்போது ஒயில் ஓட்டத்தைச் சீராக்குவது: முழுமையான வழிகாட்டி

பிக் எண்ட் பெயாரிங் (கனெக்டிங் றொட் கிராங்கோடு சேரும் இடத்துப் பெயாரிங்) உருகிப்போன எஞ்சினைக் கழற்றிப் பார்த்தால் பல வேளைகளில் ஒயில் பம்ப் நல்ல நிலையில்தான் இருக்கும். எஞ்சினின் அடியிலுள்ள ஒயில் தொட்டியான சம்ப்பிலும் ஒயில் குறைந்திருக்காது. குறை வேறெங்கோ நடந்திருக்கும். பெயாரிங் பிடித்த அந்த ஓரிரு வினாடிகளில் பம்பின் உறிஞ்சும் வாய்க்கு முன்னால் ஒயில் இருந்திருக்காது. வளைவில் ஒரு பக்கம் ஒதுங்கியிருக்கும், அல்லது ஹெட்டுக்குள் தேங்கி நின்றிருக்கும், அல்லது கிராங்க் அடித்து நுரையாக்கியிருக்கும். பம்புக்குக் காசு செலவழிக்கிறவர்கள் ஒயில் திரும்பி வரும் வழியைக் கவனிக்காமல் விடுவதுதான் இதற்குக் காரணம். இந்த வழிகாட்டி திரும்பும் பாதைக்கே கூடுதல் இடம் கொடுக்கிறது.

உதாரணத்துக்கு எடுத்திருப்பது டொயோட்டா 4ஏ-ஜீஈ, 16 வால்வு எஞ்சின்: 1587 சிசி, போர் 81 மி.மீ., ஸ்ட்ரோக் 77 மி.மீ. மட்டக்களப்பிலோ அம்பாறையிலோ ஒரு பழைய கொரோலாவை வைத்துக்கொண்டு நுவரெலியா மஹகஸ்தோட்ட மலையேற்றத்துக்கோ தியத்தலாவை பொக்ஸ்ஹில் மண் தடத்துக்கோ தயாராகிறவருக்கு இது பொருத்தமான தொடக்கம். ஹொண்டா பீ16 எஞ்சினுக்கும் கொள்கை இதுதான். எண்களை அந்தந்த எஞ்சினின் வேர்க்‌ஷொப் மனுவலில் பார்த்து மாற்றிக்கொள்ளுங்கள்.

முதலில் ஒரு சின்னக் கணக்கு

கார் வளையும்போது பக்கவாட்டு விசை புவியீர்ப்புக்குச் சமமானால், அதாவது 1 ஜீ ஆனால், சம்ப்பில் ஒயிலின் மேற்பரப்பு 45 பாகை சரியும். அதில் பாதியான 0.5 ஜீயில்கூட ஏறத்தாழ 27 பாகை. சம்ப் தட்டையாக 300 மி.மீ. நீளம் இருந்தால் 1 ஜீயில் ஒயில் ஒரு முனையை விட்டு மறுமுனைச் சுவரில் ஏறிவிடும். முன்சக்கரம் இழுக்கும் கொரோலாவில் எஞ்சின் குறுக்காக நிற்பதால் வலது வளைவில் ஒயில் கியர்பெட்டிப் பக்கம் ஓடும், இடது வளைவில் டைமிங் பெல்ட் பக்கம் ஓடும், பிரேக் பிடித்தால் ரேடியேற்றர் பக்கம் ஓடும். உறிஞ்சும் வாய் எந்த மூலையில் நிற்கிறது என்று பார்த்தாலே எந்த வளைவு ஆபத்து என்று தெரிந்துவிடும்.

இன்னொரு கணக்கு. சம்ப்பில் நான்கு லீற்றர், பம்ப் உயர் வேகத்தில் நிமிடத்துக்கு 40 லீற்றர் தள்ளுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்படியானால் முழு ஒயிலும் 6 வினாடியில் ஒரு சுற்றுச் சுற்றி வந்தாக வேண்டும். ஹெட்டிலிருந்து இறங்க 10 வினாடி எடுத்தால் சம்ப் வெறுமையாகிக்கொண்டே போகும். பம்பைப் பெரிதாக்கினால் வெறுமையாவது இன்னும் சீக்கிரம் நடக்கும்.

படி 1: ஒயில் வாய்க்கால்களைக் கழுவுதல்

பிளாக்கிலுள்ள ஒயில் கெலரியின் (வாய்க்காலின்) முனைகளை மூடியிருக்கும் அடைப்புகள் எல்லாவற்றையும் கழற்ற வேண்டும். கழுவும் தொட்டியில் போட்டு எடுத்தாலும், அடைப்புக்குப் பின்னால் சேர்ந்த போரிங் துகள் அங்கேயே இருக்கும். எஞ்சின் ஓடி ஒயில் சூடானதும் அது கழன்று நேரே மெயின் பெயாரிங்குக்குப் போகும். அடித்து இறக்கிய அடைப்புகளைத் துளைத்து எடுத்து, துவாரத்துக்கு மரை வெட்டி, திருகு அடைப்புப் போடுவது நல்லது. அடுத்த முறை கழுவவும் அதுவே வசதி.

நீளத் தூரிகை, சுடுநீர், பாத்திரம் கழுவும் சோப்பு: இந்த மூன்றும் மண்ணெண்ணெயைவிட நன்றாகத் துகளை எடுக்கும். மண்ணெண்ணெய் கிறீசைக் கரைக்கும், ஆனால் ஹோன் பண்ணிய தூளை அசைக்காது. கிராங்கின் சாய்துளைகளுக்குள்ளும் தூரிகை விடுங்கள். பிறகு கம்பிரசர் காற்று. கடைசியில் வெள்ளைத் துணியில் ஒயில் தோய்த்து சிலிண்டரைத் துடைத்தால் துணி சாம்பல் நிறமாகக் கூடாது. சாம்பல் நிறமானால் மறுபடி கழுவுங்கள். காய்ந்த கையோடு எல்லா மெசின் பண்ணிய முகத்திலும் ஒயில் பூச வேண்டும். கல்லடி, காத்தான்குடி, கல்முனை போன்ற கரையோர இடங்களில் உப்புக்காற்று வெறும் இரும்பை ஓர் இரவுக்குள் துருப்பிடிக்க வைக்கும். கட்டி முடிக்கும்வரை தடித்த பொலித்தீன் உறையால் மூடி வையுங்கள். கடற்கரை மணலுக்கும் அது தடை.

லேத் வேலைக்குக் கொடுக்கும் காலத்தையும் யோசித்துக்கொள்ளுங்கள். பெரும்போக அறுவடை வந்தால் ட்ராக்டர் வேலை குவிந்துவிடும். அவசரத்தில் செய்த கிராங்க் கிரைண்டிங் யாருக்கும் உதவாது. கொடுக்கும்போதே ஜேர்னல் (கிராங்கில் பெயாரிங்குக்குள் சுற்றும் பகுதி) அளவை எழுத்தில் கொடுங்கள். ஒயில் துளையின் வாய் விளிம்பை மென்மையாக உருட்டித் தரவும் சொல்லுங்கள். கூரான விளிம்பு பெயாரிங்கைச் சீவும்.

படி 2: பெயாரிங் கிளியரன்ஸ்

கிராங்கை மிதக்க வைப்பது பம்பின் அழுத்தம் அல்ல. கிராங்க் சுற்றும்போது ஒயிலைத் தானே ஆப்புப் போல இடுக்குக்குள் இழுத்துக்கொள்கிறது. அந்தப் படலம்தான் சுமையைத் தாங்குகிறது. பம்பின் வேலை அந்த இடுக்கை எந்நேரமும் நிரப்பி வைப்பதும் சூட்டை வெளியே கொண்டுபோவதும். இது விளங்கினால், கேஜில் அழுத்தம் கூட நிற்பது மட்டும் நல்ல எஞ்சினுக்குச் சாட்சி அல்ல என்பதும் விளங்கும்.

பெயாரிங் ஓரத்தால் ஒழுகும் ஒயிலின் அளவு, ஜேர்னலுக்கும் பெயாரிங்குக்கும் இடையிலான கிளியரன்ஸின் மூன்றாம் அடுக்குக்கு ஏற்பக் கூடும். 0.04 மி.மீ.யை 0.05 ஆக்கினால் ஒழுகல் ஏறத்தாழ இரண்டு மடங்கு. 0.06 ஆக்கினால் மூன்று மடங்குக்கும் மேல். ஆகவே "கொஞ்சம் லூசாக விடு" என்று கண்மட்டத்தில் செய்யக்கூடிய வேலை இது இல்லை.

பொது விதி: ஜேர்னல் விட்டத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. 4ஏயின் மெயின் ஜேர்னல் 48 மி.மீ., எனவே 0.048 மேல் எல்லை. பிக் எண்ட் ஜேர்னல் தலைமுறையைப் பொறுத்து 40 அல்லது 42 மி.மீ. 10டபிள்யூ-40 ஒயிலில் நிமிடத்துக்கு 7500 சுழற்சி வரை போகும் எஞ்சினுக்கு மெயின் 0.035 முதல் 0.045 வரையும், பிக் எண்ட் 0.035 முதல் 0.040 வரையும் நல்ல இலக்கு. இதைவிட இறுக்கினால் சூட்டில் ஒயில் மெலிந்து படலம் முறியும். இதைவிடத் தளர்த்தினால் முன்னால் இருக்கும் பெயாரிங்குகள் ஒயிலைக் குடித்துவிடும், கடைசிப் பெயாரிங்குக்குப் போய்ச் சேராது.

அளக்கும் முறை: பெயாரிங்கின் இரு பாதி ஓடுகளையும் அவற்றின் இடத்தில் வைத்து, கேப்பை மனுவல் சொல்லும் டோர்க்குக்கு இறுக்கி, உள்விட்டத்தை போர் கேஜால் மேல்கீழ் வாக்கில் எடுங்கள். ஓடு சேரும் கோட்டுக்கு அருகே எடுக்காதீர்கள். அங்கே வேண்டுமென்றே மெல்லிதாக வைத்திருப்பார்கள். ஜேர்னலை மைக்ரோமீற்றரால் இரண்டு இடத்தில், ஒன்றுக்கொன்று செங்குத்தாக எடுங்கள். உள்விட்டத்துக்கும் ஜேர்னல் விட்டத்துக்கும் உள்ள வித்தியாசமே கிளியரன்ஸ். நசுங்கும் பிளாஸ்டிக் நூலான பிளாஸ்டிகேஜ் சரிபார்ப்புக்கு நல்லது, தீர்ப்புக்குப் போதாது. டொயோட்டா பிளாக்கிலும் கிராங்கிலும் பொறித்திருக்கும் எண்களைக் கூட்டி ஓட்டின் தரத்தைத் தெரிவு செய்வது புதிய கிராங்குக்குத்தான் பொருந்தும். கிரைண்ட் பண்ணிய கிராங்குக்கு அளந்துதான் ஆக வேண்டும்.

மெயின் பெயாரிங்கில் பள்ளம் உள்ள ஓடு பிளாக் பக்கம், பள்ளம் இல்லாதது கேப் பக்கம். மாற்றிப் போட்டால் ஒயில் துளையே மூடிவிடும். கேட்க எளிதாக இருந்தாலும் அவசரத்தில் நடக்கிற பிழை இது.

படி 3: பம்ப்

4ஏயின் பம்ப் கிராங்கின் முன்முனையிலேயே இருக்கிறது. உள் கியரைக் கிராங்க் நேரே சுழற்றுகிறது. கிராங்கின் முறுக்கு அதிர்வு முழுவதும் அந்தக் கியரில்தான் விழும். உயர் சுழற்சியில் உலோகத் தூளை அழுத்திச் செய்த மூலக் கியர் வெடிப்பதற்குக் காரணம் அதுதான். ரப்பர் வைத்த கிராங்க் புல்லியைக் கழற்றிவிட்டு எடை குறைந்த வெறும் அலுமினியப் புல்லி போடுவது இந்தப் பம்பைக் கொல்ல மிகச் சுருக்கமான வழி. ரப்பர் புல்லியைக் கைவிடாதீர்கள். ரப்பர் வெடித்திருந்தால் புதிது போடுங்கள். 8000க்கு மேல் போவதென்றால் கட்டி உருக்கில் வெட்டிய கியர் வாங்குவது வீண்செலவல்ல.

பழைய பம்பைத் திறந்து கியரின் மேல்முகத்துக்கும் மூடிக்கும் இடையே நேர்விளிம்பும் பீலர் கேஜும் வைத்துப் பாருங்கள். 0.03 முதல் 0.08 மி.மீ. நல்லது, 0.10 தாண்டினால் மாற்றுங்கள். அழுத்தம் மிஞ்சினால் திறக்கும் ரிலீப் வால்வு ஒயில் பூசியபின் தன் எடையிலேயே வழுக்கி இறங்க வேண்டும். சிக்கினால் அழுத்தம் ஒன்றில் ஏறாது, அல்லது பில்டரைப் பிளக்கும்.

ரிலீப் ஸ்பிரிங்குக்குக் கீழே வொஷர் வைப்பது எல்லோருக்கும் தெரிந்த வித்தை. அது திறக்கும் அழுத்தத்தை மட்டும் உயர்த்தும். ஐட்லில் அழுத்தம் குறைவாக இருக்கிற எஞ்சினுக்கு அதனால் ஒரு பிரயோசனமும் இல்லை, ஏனென்றால் அங்கே வால்வு திறக்கவே இல்லை. சூடான எஞ்சினில் 1000 சுழற்சிக்கு 10 பிஎஸ்ஐ என்ற விதி போதும். 4ஏக்கு உச்சத்தில் 60 முதல் 70 பிஎஸ்ஐ நிறைய. அதற்கு மேல் பம்பைச் சுழற்றக் குதிரைவலுவும் போகும், ஒயிலும் சூடாகும்.

படி 4: சம்ப்

இந்த வேலையில் அதிக நேரம் செலவழிக்க வேண்டிய இடம் இதுதான்.

சம்ப்பை ஆழமாக்காதீர்கள். வயல் வீதிகளும் வேகத்தடைகளும் உள்ள நமது பக்கத்தில் தாழ்ந்த சம்ப் நீண்ட நாள் தாங்காது. பக்கவாட்டில் அகலமாக்கி ஓரளவு கொள்ளளவு சேர்ப்பதே புத்தி. ஒரு லீற்றர் கூடினாலே பெரிய வித்தியாசம்.

உறிஞ்சும் வாயைச் சுற்றி 1.5 மி.மீ. இரும்புத் தகட்டால் நான்கு சுவருள்ள பெட்டி கட்டுங்கள். ஒவ்வொரு சுவரிலும் உள்நோக்கி மட்டும் திறக்கும் கதவு வேண்டும். மதகுக் கதவைப் போலத்தான்: ஒயில் உள்ளே வர விடும், வளைவில் வெளியே ஓட விடாது. கதவு விரல் நுனி பட்டதும் ஆட வேண்டும். வெல்டிங் சூட்டில் தகடு முறுகிக் கதவு பிடித்துக்கொள்வது வழமை, ஆகவே ஆறிய பின் ஒவ்வொன்றையும் சோதியுங்கள். பெட்டிக்கு மேல் ஒரு கிடைத்தகடு, அதில் ஒயில் இறங்கத் துளைகள். பிரேக் பிடிக்கும்போது ஒயில் சுவரில் ஏறி கிராங்கைத் தொடாமல் இது தடுக்கும்.

கிராங்குக்கும் தகட்டுக்கும் இடையே எங்கும் 6 மி.மீ.க்குக் குறையக் கூடாது. கிராங்கைக் கையால் முழுச்சுற்றுச் சுற்றி, கனெக்டிங் றொட் போல்ட் தலை எங்கும் முட்டவில்லை என்று பாருங்கள். டிப்ஸ்டிக் இறங்கும் வழியையும் மறந்துவிடாதீர்கள்.

உறிஞ்சும் வாய்க்கும் சம்ப் தரைக்கும் இடைவெளி 6 முதல் 10 மி.மீ. சிறுவர் விளையாடும் களியை வாயின் அடியில் உருட்டி ஒட்டி, சம்ப்பைக் கஸ்கெட் தடிப்போடு பூட்டிக் கழற்றி, நசுங்கிய களியை அளந்தால் சரியான எண் கிடைக்கும். 6க்குக் குறைந்தால் உறிஞ்சல் அடைபடும், 10ஐத் தாண்டினால் காற்று இழுக்கும். குழாய் பம்போடு சேரும் இடத்துக் கஸ்கெட் புதிதாக இருக்க வேண்டும். அங்கே மயிரிழை வெடிப்பு இருந்தால் ஒயில் ஒழுகாது, காற்றுத்தான் உள்ளே போகும். வெளியே எந்த அடையாளமும் தெரியாது.

வெல்டிங் ஒழுக்கைச் சோதிக்க வெளிப்பக்க மூட்டுகளில் சுண்ணாம்பு பூசிக் காய விட்டு, உள்ளே மண்ணெண்ணெய் ஊற்றி ஒரு மணித்தியாலம் வையுங்கள். ஒழுக்கு இருந்தால் வெள்ளையில் கறுத்த கறை தெரியும். பிறகு வெல்டிங் சிதறலைச் சுரண்டிக் கழுவுங்கள்.

சம்ப் பூட்டும் சிலிகோன் 3 மி.மீ. கோடு போதும். அதிகமாகப் பிதுங்கினால் உட்பக்கம் துண்டாகக் கழன்று உறிஞ்சும் வலையில் போய் ஒட்டும்.

படி 5: ஹெட்டிலிருந்து இறங்கும் வழி

ஹெட்டுக்கு ஏறும் ஒயில் அழுத்தத்தோடு ஏறுகிறது. இறங்கும்போது தன் எடையில் மட்டுமே இறங்குகிறது. எனவே இறங்கும் துளைகள் தாராளமாக இருக்க வேண்டும். ஹெட், கஸ்கெட், பிளாக் மூன்றையும் அடுக்கி, துளைகள் நேருக்கு நேர் நிற்கின்றனவா என்று வெளிச்சம் விட்டுப் பாருங்கள். வார்ப்புப் பிசிறுகளைச் சிறிய கிரைண்டரால் எடுத்து வாய்களைப் புனல்போல் ஆக்குங்கள். காசு செலவில்லாத இந்த வேலையின் பலன் பெரிது.

4ஏ-ஜீஈயில் வால்வைத் தள்ளுவது பக்கெட் டெப்பட், ஒயில் அழுத்தத்தில் இயங்கும் ஹைட்ரோலிக் அல்ல. ஆகவே மேலே அதிக ஒயில் தேவையில்லை. 7500 சுழற்சிக்குள் ஓடுகிறதென்றால் இறங்கும் துளைகளைச் சுத்தம் செய்தாலே போதும் என்பது எங்கள் கருத்து. அதற்கு மேல் என்றால் ஹெட்டுக்கு ஏறும் துளைக்கு மரை வெட்டி, நடுவில் 2 மி.மீ. துளையிட்ட திருகு ஒன்று போடலாம். ஓடிப் பார்த்து, கேம் ஜேர்னல்கள் நன்றாக இருந்தால் மட்டும் 1.5க்கு இறங்குங்கள். ஹைட்ரோலிக் டெப்பட் உள்ள எஞ்சினில் இதைச் செய்யவே கூடாது. வால்வுச் சத்தம் தொடங்கிவிடும்.

டர்போ போடுகிறவர்களுக்கு ஒரு வரி: டர்போவிலிருந்து இறங்கும் குழாய் உள்விட்டம் 16 மி.மீ.க்குக் குறையாமல், வளைவின்றிக் கீழ்நோக்கி, சம்ப்பில் ஒயில் மட்டத்துக்கு மேலே சேர வேண்டும். மட்டத்துக்குக் கீழே சேர்த்தால் டர்போ புகைக்கும், குற்றம் ஒயில் சீலின் மேல் விழும்.

படி 6: எஞ்சின் மூச்சு விட வேண்டும்

பிஸ்டன் வளையங்களைத் தாண்டி வரும் வாயு கிராங்க் அறையில் அழுத்தத்தை ஏற்றும். அது வெளியேற வழி இல்லாவிட்டால், ஒயில் இறங்கும் துளைகள் வழியாகவே மேலே ஏறும். எதிரே ஏறும் காற்றைத் தள்ளிக்கொண்டு ஒயில் எப்படி இறங்கும்? ஹெட் நிறைந்து போவதற்குப் பல வேளைகளில் காரணம் இந்த ஒன்றே. கேம் கவரிலிருந்து ஒன்று, பிளாக்கிலிருந்து ஒன்று என இரண்டு குழாய், உள்விட்டம் 19 மி.மீ., வாயுவோடு வரும் ஒயிலைப் பிடித்து வைக்கும் ஒன்றரை லீற்றர் அளவு கெச் டாங்கிக்குப் போகட்டும். டாங்கிக்குள் தடுப்புத் தகடு இருக்க வேண்டும், வடிகாலும் வேண்டும். சூட்டில் மடிந்துபோகும் மலிவான குழாய் வேண்டாம்.

படி 7: ஒயில், பில்டர், கூலர்

நமக்குக் குளிர்காலம் இல்லை. 0டபிள்யூ, 5டபிள்யூ போன்ற முன் எண்கள் பனி நாட்டின் காலை ஸ்டார்ட்டுக்குத்தான். 10டபிள்யூ-40 பொது ஓட்டத்துக்கு. தொடர்ந்து உச்சத்தில் ஓடும் நாளுக்கு 15டபிள்யூ-50. பின் எண்தான் 100 பாகை செல்சியஸில் உள்ள தடிப்பைச் சொல்கிறது. 40 என்றால் 12.5 முதல் 16.3 வரை, 50 என்றால் 16.3 முதல் 21.9 வரை, சென்ரிஸ்டோக் அலகில். கிளியரன்ஸை இறுக்கமாகக் கட்டிவிட்டு 50 ஊற்றினால் அழுத்தம் கேஜில் அழகாக நிற்கும், ஆனால் பெயாரிங் வழியாகப் போகும் ஒயில் குறைந்து சூடு ஏறும்.

ஒயில் 90 முதல் 110 பாகைக்குள் நிற்க வேண்டும். 130 தாண்டினால் அக்சலரேற்றரிலிருந்து காலை எடுங்கள். கூலர் போடுவதென்றால் பிளாக்குக்கும் பில்டருக்கும் நடுவே பூட்டும், தேர்மோஸ்டாட் உள்ள சான்ட்விச் தகடு வழியாகப் போடுங்கள்; ஒயில் சூடாகாவிட்டால் அதில் சேரும் ஈரம் ஆவியாகாது. குழாய் ஏஎன்-10, அதாவது 10/16 அங்குல வகுப்பு. உடைத்த வாகனத்திலிருந்து எடுத்த கூலர் வேண்டாம். பெயாரிங் போன எஞ்சினில் இருந்ததென்றால் உள்ளே ஒளிந்த உலோகத் துகளை எதைக் கொண்டும் முழுதாகக் கழுவ முடியாது.

படி 8: கேஜ்

டாஷ்போர்டில் சிவப்பு ஒயில் விளக்கு வந்தபின் செய்ய ஒன்றும் இருக்காது. அழுத்தத்துக்கும் வெப்பத்துக்கும் தனித்தனி கேஜ் வேண்டும். டொயோட்டா பிளாக்கின் சென்சர் மரை 1/8 அங்குல பிரித்தானிய கூம்பு மரை, அங்குலத்துக்கு 28 புரி. கடையில் வாங்கும் கேஜ்களில் பல அமெரிக்க மரை, 27 புரி. இரண்டும் முதல் ஓரிரு சுற்றுக்கு ஒத்துப்போகும், பிறகு இறுகும். பலமாகத் திருகினால் பிளாக்கே வெடிக்கும். மாற்று இணைப்பான் வாங்குங்கள்.

படி 9: முதல் ஸ்டார்ட்

கட்டும்போதே பம்பின் கியர்களுக்கிடையே வாசலின் அடைத்து வையுங்கள். வெறுமையான பம்ப் உறிஞ்சாது. ஸ்டார்ட் பண்ணுவதற்கு முன் கெலரியை நிரப்ப, வயலுக்கு மருந்தடிக்கும் கைப்பம்புத் தாங்கி ஒன்று போதும். புத்தம்புதிது வாங்குங்கள், ஒருமுறை மருந்தோ தண்ணீரோ பட்டது ஆகாது. நல்ல வெயிலில் வைத்து இளக்கிய ஒயிலை ஊற்றி, கேஜ் துளையில் குழாயைப் பூட்டி, பம்ப் அடித்தபடி கிராங்கை மெல்லச் சுற்றுங்கள். கேம் ஜேர்னல்களில் ஒயில் ஊறி வரும்வரை தொடருங்கள். பிறகு பிளக்குகளைக் கழற்றி, எரிபொருளையும் இக்னிஷனையும் துண்டித்து, ஸ்டார்ட்டரால் சுற்றுங்கள். ஒரு தடவைக்கு 10 வினாடிக்கு மேல் வேண்டாம், இடையில் ஸ்டார்ட்டர் ஆறட்டும். கேஜ் அசைந்த பின்தான் பிளக்.

சூடான பின் டொயோட்டா கேட்கும் குறைந்த அளவு ஐட்லில் 0.3 கிலோ/ச.செ.மீ., 3000 சுழற்சியில் 2.5 முதல் 5.0 வரை. புதிய எஞ்சின் இதைவிட நன்றாகவே காட்ட வேண்டும். முதல் ஒயிலை அரை மணித்தியால ஓட்டத்துக்குப் பிறகு மாற்றி, பில்டரை வெட்டிப் பாருங்கள். இரும்புவாளால் வெட்டினால் வாள்தூள் கலந்துவிடும், பில்டர் வெட்டும் கருவியே வேண்டும். மடிப்புத் தாளைப் பிழிந்து வெயிலில் விரித்தால் மின்னும் செதில் தெரியும். சில நுண்தூள் வழமை. நகத்தால் எடுக்கக்கூடிய செதில் வந்தால் எஞ்சினை மறுபடி திறக்க வேண்டும். பழைய ஒயிலைக் கலன்களில் சேர்த்துக் கொடுங்கள், வாவிக்கோ வாய்க்காலுக்கோ போக விடாதீர்கள்.

படி 10: ஓடிப் பார்ப்பது

பொது வீதியில் வேகச் சோதனை வேண்டாம். ஆனால் வெப்பம் எப்படி ஏறுகிறது என்று பார்க்க, செங்கலடியிலிருந்து மகாஓயா, பிபிலை வழியாகப் பதுளைக்கு ஏறும் ஏ5 வீதி சட்ட வேகத்திலேயே போதும். கரையோரத்து ஏ4 மட்டமானது. அங்கே நன்றாகத் தெரியும் எஞ்சின் மலையில் வேறு கதை சொல்லலாம்.

மூடிய தடத்தில் கேஜைப் படம் பிடித்து, பிறகு வளைவு வளைவாகப் பாருங்கள். ஒரே திசை வளைவில் மட்டும் ஊசி விழுந்தால் சம்ப் பெட்டியின் அந்தப் பக்கக் கதவைச் சரிபாருங்கள். நேர்பாதையில் நீண்ட நேரம் உச்சத்தில் ஓடும்போது மெல்ல விழுந்தால் ஹெட்டில் தேங்குகிறது. வடிகாலும் மூச்சுக் குழாயும் பாருங்கள். உயர் சுழற்சியில் ஊசி நடுங்கினால் நுரை. மட்டம் கூடிக் கிராங்க் அடிக்கிறது, அல்லது உறிஞ்சு குழாய் காற்று இழுக்கிறது. எங்கும் ஒரே சீராகக் குறைவாக இருந்தால் மட்டுமே கிளியரன்ஸையும் பம்பையும் சந்தேகியுங்கள்.

முதல் போட்டி முடிந்ததும் சம்ப்பை இறக்கி, ஒரு பிக் எண்ட் கேப்பை மட்டும் கழற்றி பெயாரிங் ஓடுகளைப் பாருங்கள். ஒரே சீரான மங்கல் சாம்பல் நல்லது. நடுவில் மினுங்கித் தேய்ந்திருந்தால் படலம் முறிகிறது, ஒயில் போதவில்லை. ஓரத்தில் மட்டும் தேய்ந்திருந்தால் றொட் வளைவு அல்லது கிராங்க் கிரைண்டிங் கோணல். சுற்றுவாக்கில் கீறல் இருந்தால் துகள். அப்படியானால் படி 1க்கே திரும்பிப் போய்க் கெலரி அடைப்புகளைக் கழற்றிக் கழுவ வேண்டும்.